முப்பத்தைந்தில் ஒரு பங்கு இருட்டு

"இதுல ஒரு தப்பு கண்டுபிடிங்க உஸ்தாத், பார்க்கலாம்" என்றார் ஏகாம்பரம்.

மேசை மேல் லாரி நின்றது. ஒரு சாண் நீளம். ராணுவ லாரி, பச்சை நிறம், பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியது.

பெனிட்டா சுற்றி வந்து பார்த்தாள். குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தாள். தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சை நகத்தால் தொட்டாள்.

"தப்பு இல்ல."

"அதேதான். ஒரு தப்பும் இல்ல. ஆனா ஓடலை."

"பொம்மை லாரி எப்படி ஓடும்?"

"ஓட வேணாம். ஓடற மாதிரி இருக்கணும்ல? இது ஷோரூம்ல நிக்கிற மாதிரி நிக்குது. அந்த ரோட்டுல நின்ன லாரி மாதிரியே இல்ல. ஏன்?"

பெனிட்டா தின்னர் பாட்டிலை எடுத்து மூடினாள்.

அவளிடம் கேள்வி கேட்டால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். ஏதாவது ஒரு பாட்டிலை மூடுவாள்.

*

இடம் ஆவடி. டயர் கடை மாடி. படி ஏறும்போது ரப்பர் வாசனை, மேலே போனால் தின்னர் வாசனை. ஆசிரமம் மாதிரி எதையாவது எதிர்பார்த்து வருகிறவர்கள் படியிலேயே திரும்பிவிடலாம்.

பெனிட்டா அங்கே போர்க்காட்சிகளைச் சின்னதாகச் செய்வாள். டாங்கி, ஜீப், இடிந்த சுவர், சேறு, ஆட்கள். எல்லாம் நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. முழு ஆள் ஒருவன் சுண்டுவிரல் உயரம் இருப்பான். அதையெல்லாம் ஒரு பலகை மேல் காட்சியாக நிறுத்தினால் டயோரமா என்று பேர்.

கற்றுக்கொள்ளச் சிலர் வருவார்கள். பாதியில் போய்விடுவார்கள். அவள் பாராட்டவே மாட்டாள். திட்டவும் மாட்டாள். எவ்வளவு நாள்தான் ஒருத்தர் பாட்டில் மூடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது?

அவளுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஏகாம்பரத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ராணுவத்தில் லாரி ஓட்டியவர், ஹவில்தாராக வெளியே வந்தவர். ராணுவத்தில் கற்றுக்கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் உஸ்தாத். வயசெல்லாம் கணக்கில்லை. முதல் நாளே அப்படித்தான் கூப்பிட்டார்.

"பெனிட்டான்னு கூப்பிடுங்க" என்றாள்.

"சரிங்க உஸ்தாத்" என்றார்.

அவள் விட்டுவிட்டாள்.

*

அவர் பொழுதுபோகாமல் அங்கே வரவில்லை.

கஜபதி என்று ஒருவர். ஏகாம்பரத்தோடு ஒரே லாரியில் இருந்தவர். இரண்டு பேரும் டிரைவர்கள், மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். கார்கில் சண்டை நடந்த வருஷம் ஒரு மலை ரோட்டில் கஜபதி இறந்துபோனார். அவர் மகள் மேனகா அப்போது கைக்குழந்தை.

ஊரில் வருஷா வருஷம் அந்த நாளில் பேனர் வைப்பார்கள். பேனரில் கஜபதி கையில் இயந்திரத் துப்பாக்கி இருக்கும். பின்னால் நெருப்பு. தலைக்கு மேல் முழு நிலா. முகம் பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து எடுத்தது. உடம்பு யாருடையதோ.

இந்த வருஷம் பேனருக்குக் கீழே நின்றுகொண்டு மேனகா கேட்டாள்.

"சித்தப்பா, எங்கப்பா துப்பாக்கி பிடிச்சாரா?"

"டிரைவர்மா அவரு. துப்பாக்கி இருந்துது. சீட்டுக்குப் பின்னாடி கிடக்கும்."

"அப்ப இது யாரு?"

ஏகாம்பரம் பேனரைப் பார்த்தார்.

"நான் அந்த இடத்துக்கே போயிட்டு வந்துட்டேன்" என்றாள் மேனகா. "இப்ப ரோடு அகலமா, தார் போட்டு, டூரிஸ்ட் வேன் போகுது. ஒண்ணும் புரியல. அவரைக் கடைசியாப் பார்த்தது நீங்கதான். நீங்க பார்த்ததை எனக்குக் காட்டுங்க."

"சொல்றேனே."

"சொல்ல ஊர்ல நிறையப் பேர் இருக்காங்க. நீங்க காட்டுங்க."

அப்படித்தான் அவர் டயர் கடை மாடிக்கு வந்து சேர்ந்தார்.

மேனகாவுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. போகிறதுக்கு முன்னால் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் அவளுக்கு அந்தப் பேனர்தான் மிச்சம்.

*

அடுத்த தடவை வரும்போது ஏகாம்பரம் கையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது.

"என்ன இது?"

"மண்ணு."

"எந்த மண்ணு?"

"அந்த ரோட்டு மண்ணு உஸ்தாத். மறுநாள் காலைல அள்ளினது. இத்தனை வருஷமா சாமி ரூம்ல இருக்கு."

பெனிட்டா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன் பொய்யா இருக்குன்னு இப்பப் புரிஞ்சுபோச்சு" என்றார் ஏகாம்பரம். "நான் போட்டது கடைல வாங்கின மண்ணு. லாரி சரி, மண்ணு சரியில்ல. நிஜ மண்ணைப் போட்டா நிஜமாயிடும்."

"போடுங்க."

பழைய மண்ணைச் சுரண்டி எடுத்தார். பலகையில் பசை தடவினார். பாட்டிலைத் திறந்தார். விபூதி எடுப்பது மாதிரி மூன்று விரலால் எடுத்து எடுத்துத் தூவினார். அறையில் கீழே ஓடும் காற்றடிக்கும் மெஷின் சத்தம் மட்டும்தான் இருந்தது.

முடித்ததும் நிமிர்ந்தார்.

பெனிட்டா ஒரு ஆளை எடுத்து லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். சுண்டுவிரல் உயர ஆள்.

"ஹவில்தார் சார், இவன் காலுக்குப் பக்கத்துல என்ன?"

"கல்லு."

மிளகு அளவுக் கல். அந்த ஆளின் தலையும் அதே அளவு இருந்தது.

"ரோடு முழுக்கத் தலையை உருட்டி விட்ட மாதிரி இருக்கு. அந்த ரோடு இப்படியா இருந்துது?"

"இல்ல."

"மண்ணு நிஜம்தானே?"

"சத்தியமா நிஜம்."

"அப்ப எது பொய்?"

ஏகாம்பரம் கல்லையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். எதையாவது ஒன்றை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. எதை எடுப்பது என்று தெரியவில்லை.

"மாவு மாதிரி அரைக்கணும்" என்றாள் பெனிட்டா.

"இதையா?"

"இதைத்தான்."

"இது அந்த மண்ணு உஸ்தாத்."

"அரைச்சா வேற மண்ணாயிடுமா?"

ஏகாம்பரம் பாட்டிலை மூடினார். இந்தத் தடவை மூடினது அவர். செருப்பைக் காலில் சரியாக மாட்டாமலே படி இறங்கினார். சின்னப் பெண்ணிடம் கற்றுக்கொள்ளப் போனது தன் தப்பு என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும்வரை அதையே நினைத்தார்.

*

"என்ன அரைக்கிறீங்க?" என்று வத்சலா கூடத்திலிருந்து கேட்டாள். அவர் மனைவி.

"மண்ணு."

"எதுல?"

"சின்ன ஜார்ல."

வத்சலா எழுந்து வந்து ஜாரைப் பார்த்தாள்.

"சட்னி இனிமே எதுல அரைக்கறது?"

"புதுசா ஒரு ஜார் வாங்கிக்கலாம்."

"அந்தப் புதுசை மண்ணுக்கு வாங்கியிருக்கலாம்ல?"

ஏகாம்பரம் ஜாரை மூடி மறுபடி ஓட விட்டார்.

பாதி மண்ணைத்தான் அரைத்தார். மீதியை அரைக்க மனசு வரவில்லை. அது பாட்டிலிலேயே இருந்தது.

அரைத்ததைக் கொட்டிப் பார்த்தால் இன்னொரு வம்பு. காபித்தூள் நிறத்தில் இருந்த மண், அரைத்ததும் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. அந்த ரோடு அப்படி இல்லவே இல்லை.

மறுபடி மாடி ஏறினார். கோபமெல்லாம் போயிருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு மண்ணுக்கு நிறம் ஏற்ற முடியாது.

பெனிட்டா மூன்று பெயிண்ட்டைக் கலந்து கொடுத்தாள். அடித்தார். காய்ந்தது. பார்த்தார்.

"இதான் உஸ்தாத். இதேதான். அச்சு அசல் அந்த ரோடு."

"மண்ணு எங்க?"

"பெயிண்ட்டுக்கு அடியில."

"கடை மண்ணைப் போட்டு இதே பெயிண்ட்டை அடிச்சிருந்தா?"

ஏகாம்பரம் யோசித்தார்.

"இதே மாதிரிதான் இருந்திருக்கும்."

"ம்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் அந்த ரோட்டையே பார்த்தார்.

"அப்ப எல்லாமே பொய்யை வெச்சுச் செய்யறதுதானா?"

பெனிட்டா பெயிண்ட் பாட்டிலை மூடினாள்.

ஆமாம் என்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். சிஷ்யர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான் இது. வாத்தியார் பேசாமல் இருந்தால் நமக்கு எது பிடிக்குமோ அதைச் சொன்னதாக எடுத்துக்கொள்வது.

*

அடுத்த தடவை துணி போட்டு மூடிக் கொண்டுவந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

"பொய்தான்னு முடிவு பண்ணிட்டோம். அப்புறம் எதுக்குக் கஞ்சத்தனம்? மனசுல பட்டதையெல்லாம் செஞ்சுட்டேன்."

துணியை எடுத்தார்.

லாரி இப்போது மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குண்டு விழுந்து வெடித்தது. பஞ்சுப் புகை, உள்ளே சிவப்பு பல்பு. மலைக்கு மேல் முழு நிலா, அதற்கும் பல்பு. ஸ்டியரிங்கில் கஜபதி. தாடை இறுகி, கண் நேராக.

பெனிட்டா பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

ஏகாம்பரம் துணியை மறுபடி போர்த்தப் போனார். அவள் அந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"நிலா இருந்துதா?"

"இல்ல. அமாவாசையை ஒட்டி. அப்படிப் பார்த்துத்தான் லாரிங்களை அனுப்புவாங்க."

"குண்டு?"

"அன்னிக்கு விழல. முந்தின நாள் விழுந்துது."

"ஸ்டியரிங்ல அவரா இருந்தாரு?"

"நான்தான் ஓட்டினேன்."

"சரி. இதெல்லாம் மனசுல பட்டதுன்னீங்க. எங்கேயாவது பார்த்த மாதிரி இருக்கா, பாருங்க."

ஏகாம்பரம் பார்த்தார். நெருப்பு. நிலா. தாடை.

"பேனர்" என்றார் மெதுவாக. "பேனரைச் செஞ்சு வெச்சிருக்கேன்."

பெனிட்டா நிலாவின் ஸ்விட்சை அணைத்தாள்.

"நிஜத்தைப் போட்டா பொய்யாத் தெரியுது" என்றார் ஏகாம்பரம். குரல் கொஞ்சம் ஏறியது. "மனசு போன போக்குல போனா பேனர் வந்து நிக்குது. அந்தப் பொண்ணு அடுத்த வாரம் வரா. நான் என்னதான் செய்யறது உஸ்தாத்? பாட்டிலை மூடாம வாயைத் திறந்து சொல்லுங்க."

பெனிட்டா எழுந்தாள்.

ஜன்னல் கதவுகளைச் சாத்தினாள். அறைக் கதவைச் சாத்தினாள். அடியில் வெளிச்சம் வந்த இடத்தில் ஒரு கோணியைச் சுருட்டி வைத்தாள். பிறகு விளக்கை அணைத்தாள்.

வெளியே பட்டப்பகல். உள்ளே தன் கை தனக்குத் தெரியவில்லை.

"ஓட்டுங்க" என்றாள்.

"என்னது?"

"லாரியை. ஓட்டுங்க."

பைத்தியமா இவள் என்று நினைத்தார். ஆனால் கை தானாகவே மேலே வந்தது. கால் முன்னால் நீண்டது.

"லைட் போடக்கூடாது" என்றார். "போட்டா எதிர் மலைல இருக்கிறவன் பார்த்துடுவான்."

"ம்."

"ஒரு பக்கம் மலை. இன்னொரு பக்கம் ஒண்ணும் கிடையாது. ரோடே தெரியாது. அதனால ஒருத்தன் ஓட்டணும், ஒருத்தன் லாரிக்கு முன்னாடி நடக்கணும். நடக்கிறவன் முதுகுல வெள்ளைத் துணி. அதைப் பார்த்துக்கிட்டே ஓட்டணும்."

"என்ன துணி?"

"பனியன். கஜபதி கோட்டுக்கு மேல போட்டுக்கிட்டான். என்னோட பனியன். உன்னோடதைப் போட்டுக்கடான்னேன். என்னோடது துவைச்சே நாளாச்சு, போட்டா ரோடுன்னு நினைச்சு நீ என் மேலயே ஏத்திடுவேன்னான்."

இருட்டில் பெனிட்டா சிரித்த சத்தம் கேட்டது.

"இப்ப என்ன தெரியுது?"

"வெள்ளையா ஒண்ணு. இவ்ளோ."

கையால் அளவு காட்டினார். அந்த இருட்டில் யாருக்குக் காட்டினாரோ.

"நிக்குதா, போகுதா?"

"ஆடி ஆடிப் போகுது. அந்த வாரம் அவனுக்கு பூட்ஸ் கடிச்சு, இடது கால் கொஞ்சம் நொண்டுவான். ஒரு பக்கம் இறங்கி இறங்கி ஏறும். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. செத்தவன் நொண்டினான்னு எதுக்குச் சொல்லணும்?"

"அப்புறம்?"

கீழே காற்றடிக்கும் மெஷின் நின்றது.

"வெள்ளை கீழே போச்சு" என்றார். "பக்கத்துல போகல. கீழே. நான் பிரேக் அடிச்சேன். பின்னாடி வந்த லாரி எல்லாம் வரிசையா நின்னுது. இறங்கித் தடவிப் பார்த்தா முன்னாடி ரோடே இல்ல. முந்தின நாள் குண்டுல உள்வாங்கியிருக்கு."

ஸ்டூலின் கால் தரையில் தேய்ந்தது. அவர் கால் இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஹவில்தார் சார்."

"ம்."

"மேசை மேல இருக்கிற லாரில முன் சக்கரத்துல எத்தனை போல்ட்டு?"

"எட்டு" என்றார் உடனே.

"அன்னிக்கு அந்த லாரியை எங்கேர்ந்து பார்த்தீங்க?"

ஏகாம்பரம் வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

பெனிட்டா விளக்கைப் போட்டாள். இழுப்பறையிலிருந்து ஒரு ரம்ப பிளேடை எடுத்தாள். லாரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டீ சொல்லிட்டு வரேன்" என்று கீழே இறங்கிப் போனாள்.

டீ வந்தபோது லாரி முழுசாகத்தான் இருந்தது. பிளேடு அவர் சட்டைப் பையில் இருந்தது.

*

"எதுக்கு அறுக்கிறீங்க?" என்றாள் வத்சலா. "நல்லாத்தானே இருந்துது?"

"நல்லாத்தான் இருந்துது."

அறுத்தார். எட்டு போல்ட்டும் போனது. தார்ப்பாய் முடிச்சும் போனது. கடைசியில் கண்ணாடிச் சட்டமும் ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் மட்டும் மிஞ்சின. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு முன்னால் என்ன இருக்குமோ அது மட்டும்.

பின்பாதி லாரியை வத்சலா ஷோகேஸில் வைத்தாள். யாராவது கேட்டால் முன்பாதி வேலையாகப் போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள்.

*

அவர் கடைசியாகக் கொண்டுவந்தது ஒரு மரப்பெட்டி. வெளியே கறுப்பு. உள்ளேயும் கறுப்பு. ஒரு பக்கத்தில் கண் வைத்துப் பார்க்க ஒரு ஓட்டை.

பெனிட்டா கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியல."

"அதான் பிரச்சினை. உள்ள எல்லாம் இருக்கு. கண்ணாடி இருக்கு, ரோடு இருக்கு. முன்னாடி அவன் முதுகைக் காட்டிக்கிட்டு நடக்கறான். இடது தோளை ஒரு நூல் அளவு இறக்கியிருக்கேன். வெள்ளையும் அடிச்சாச்சு. எதுவும் தெரியல. அன்னிக்குத் தெரிஞ்சுது."

"முன்னாடி பள்ளம்?"

"செஞ்சிருக்கேன்."

"அதுவும் தெரியல."

"அது அன்னிக்கும் தெரியல."

பெனிட்டா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"மண்ணு?"

"பாட்டில்ல மீதி இருந்ததை அப்படியே போட்டேன். அரைக்கல. இருட்டுல கல்லு எவ்ளோ பெரிசுன்னு யார் பார்க்கப் போறா?"

பெனிட்டா மேசையிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள். பெட்டியின் மேல்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க ஒரு ஓட்டை போடுங்க."

"வெளிச்சம் வருமே."

"வரட்டும்."

"அன்னிக்கு வெளிச்சமே கிடையாது உஸ்தாத். நிலா இல்ல, லைட் இல்ல. ஓட்டை போட்டா அது பொய்."

"வெளிச்சம் இல்ல?"

"சுத்தமா இல்ல."

"ஆனா நீங்க பார்த்தீங்க?"

"பார்த்தேன். இப்பவும் பார்க்கறேன்."

"ரெண்டும் பெட்டிக்குள்ள நிக்காது. எதை விடறீங்கன்னு நீங்க சொல்லுங்க."

ஊசியை நீட்டிக்கொண்டே நின்றாள்.

கீழே யாரோ டயரை உருட்டிக்கொண்டு போனார்கள். ஏகாம்பரம் ஊசியை வாங்கினார்.

ஒரே ஒரு குத்து. முனை மட்டும்.

"முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

மேசையில் எல்லாப் பாட்டிலும் ஏற்கெனவே மூடியிருந்தது. பெனிட்டா தூரிகையைக் கழுவப் போய்விட்டாள்.

*

மேனகா வந்தாள். தோளில் பை, கையில் ஹெல்மெட். பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"லாரி செய்யறேன்னீங்க சித்தப்பா."

"செஞ்சேன். அறுத்துட்டேன்."

"அறுத்துட்டீங்களா?"

"கண்ணை வெச்சுப் பாரு."

ஹெல்மெட்டை மேசையில் வைத்தாள். குனிந்தாள். கண்ணை ஓட்டையில் வைத்தாள்.

"ஒரே இருட்டா இருக்கு."

"இரு."

"ஒண்ணுமே தெரியலையே."

"கண்ணை எடுக்காத."

"அப்பா இதுக்குள்ளயா இருக்காரு?"

ஏகாம்பரம் பெனிட்டாவைப் பார்த்தார். பெனிட்டா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே மெஷின் ஓட ஆரம்பித்தது. தரையும் மேசையும் பெட்டியும் லேசாக அதிர்ந்தன.

மேனகா கண்ணை ஓட்டையோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். மூச்சு மாறியது. பெட்டியின் இரண்டு பக்கத்தையும் அவள் கைகள் பிடித்துக்கொண்டன, வட்டமான எதையோ பிடிக்கிற மாதிரி.

வலது கால் செருப்புக்குள் அசைந்தது. தரையை அழுத்தியது.

"சித்தப்பா."

"ம்."

"மெதுவாப் போங்க. அப்பா கால் நொண்டுது."